பந்து தேட வருகிறவர்கள்

நியூயார்க்கின் ஒன்றாம் எண் சப்வே ரயில் 242ஆவது தெருவோடு முடிந்துவிடும். அந்தக் கடைசி ஸ்டேஷனில் கோல்ஃப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்க்கலாம். எதிரே வான் கோர்ட்லாண்ட் பூங்கா. அதற்குள் இருப்பது 1895இல் திறந்த மைதானம். அமெரிக்காவின் முதல் பொது கோல்ஃப் மைதானம் அதுதான். பக்கத்து ரிவர்டேல் பணக்காரர்கள் சிலர் ஆட இடம் கேட்கப்போக, பூங்காத் துறை அதை ஊருக்கே பொதுவாக்கிவிட்டது என்பார்கள். கேட்டவர்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கோல்ஃப் என்றாலே நம்மவர்கள் பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் அமெரிக்க மைதானங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று யாரும் காசு கட்டி ஆடக்கூடியவை. சாயங்காலச் சலுகை நேரத்தில், கோல்ஃப் வண்டி எடுக்காமல் நடந்தே ஆடினால், இந்த ஊரில் குடும்பத்தோடு ஒருவேளை ஓட்டலில் சாப்பிடுகிற செலவுகூட ஆகாது.

ஒரு நிபந்தனை உண்டு. தனியாகப் போனால் பெரும்பாலும் தனியாக ஆட விடமாட்டார்கள். வரிசையைக் கவனிக்கும் ஸ்டார்ட்டர், வந்திருக்கிற வேறு மூன்று பேரோடு சேர்த்துவிடுவார். யார், எவர் என்று விசாரணை கிடையாது. தனியார் கிளப்புகளின் முழு ஜீவனும் அந்த விசாரணையில்தான் இருக்கிறது. அகஸ்டா நேஷனல் என்ற கிளப் தன் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்தது 1990இல். முதல் பெண்களைச் சேர்த்தது 2012இல்.

விசாரணையில் நாமும் சளைத்தவர்கள் அல்ல. எழும்பூரில் ஏறினால், எதிர் சீட்டுக்காரர் எந்த ஊர், என்ன வேலை, பெண்ணை எங்கே கொடுத்திருக்கிறார் என்பதெல்லாம் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். அவர் எப்படிப்பட்டவர் என்பது மட்டும் திருச்சி வந்தாலும் தெரியாது. இந்த மைதானத்தில் எல்லாம் தலைகீழ். நான்கு மணி நேரத்துக்கு மேல் கூடவே நடப்போம், முழுப்பெயர்கூடத் தெரியாது. ஆனால் நினைத்தபடி நடக்காதபோது ஒவ்வொருவரும் என்ன ஆகிறார்கள் என்பது கண்ணெதிரே நடந்துவிடும்.

ஒரு சாயங்காலம் நான் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து மரக்கூட்டத்துக்குள் போய்விட்டது. தொலைந்த பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். 2019 முதல் மூன்றுதான். கூட ஆடிய பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். அவர் பந்து நல்ல இடத்தில் அடுத்த அடிக்காகக் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு வந்து, இரும்புக் கோலால் முட்செடிகளை ஒதுக்கி, ஈரச் சருகுகளைக் காலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்று அகப்பட்டது. என்னுடையதல்ல, யாரோ என்றைக்கோ தொலைத்தது. துடைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். கூட வந்த இளைஞன் நிழலில் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தான். அதிலும் தப்பில்லை, பந்து என்னுடையது.

நான்காமவரின் பந்தும் அதே பக்கம்தான் விழுந்திருந்தது, ஒரு வேருக்குப் பின்னால். ஷூ நுனியால் அதை லேசாக வெளியே தள்ளினார். நான் பார்த்தேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. எங்களைப்போல ஆடுகிறவர்களுக்கு நடுவர் கிடையாது. எத்தனை அடி என்று அவரவர் சொல்வதுதான் கணக்கு. குழி முடிந்ததும் அவர் "ஐந்து" என்றார். கணக்கு எழுதும் அட்டை என் கையில் இருந்தது. ஐந்து என்றே எழுதினேன். பந்தயம் ஏதும் கட்டவில்லை, நமக்கென்ன என்று விட்டதாகத்தான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மனிதரை எடைபோட்டுவிட்டோம் என்றுதான் இருந்தேன். இரண்டு குழி தள்ளி மேட்டில் ஏறும்போது பெரியவருக்கு மூச்சு வாங்கியது. அந்த நான்காமவர் ஒன்றும் சொல்லாமல் அவர் பையையும் வாங்கித் தன் மற்றொரு தோளில் போட்டுக்கொண்டார். கடைசிக் குழி வரை இறக்கவில்லை. பெரியவர் இரண்டு முறை கேட்டும் தரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போலத் தொப்பியைக் கழற்றிக் கைகுலுக்கிவிட்டுப் பிரிந்தோம். வீட்டில் மனைவி, "யார் கூட ஆடினீங்க? என்ன பண்றாங்க?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அவ்வளவு நேரம் என்னதான் பேசினீங்க?" என்றாள். யோசித்துப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைத்தான் அதிகம் பேசியிருக்கிறோம்.

ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டில் பேச்சு வரும். தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு தயக்கமும் உண்டு. அந்தப் பெரியவரிடம் என்றால் யோசிக்காமல் கொடுத்துவிடுவேன். போன் நம்பர்தான் இல்லை. நான்காமவரிடம்? அவரிடமும் கொடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சீட்டாட மட்டும் கூப்பிட மாட்டேன்.