பூச்சுக்குக் கீழே

ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் ட்ராவல் ட்ரெய்லரின் கூரைமேல் மண்டியிட்டு நகர்ந்துகொண்டிருந்தேன். ஒரு கையில் பிளாஸ்டிக் சுரண்டி, இன்னொரு கையில் ஈரத்துணி. முன்பக்க வலது மூலைக்கு வந்தபோது முழங்காலுக்குக் கீழே கூரை லேசாக அமுங்கியது. காலை எடுத்தேன், மேலே வந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி அமுங்கியது. அந்த இரண்டாவது அழுத்தலை நான் செய்திருக்க வேண்டியதில்லை என்று அடுத்த நான்கு நாட்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சின்ன வீடுதான் ட்ராவல் ட்ரெய்லர். எங்களுடையது 24 அடி நீளம். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உண்டு. அமெரிக்காவில் ஆர்வி என்று பொதுவாக அழைக்கப்படும் வண்டிகளில் இதுவும் ஒரு வகை. பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் செய்யப்படுகின்றன. எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதால் எல்லாமே மெலிசு. கூரையும் அப்படித்தான். மெல்லிய குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனத்தில் பலகை, அதன்மேல் பசை போட்டு ஒட்டிய ரப்பர் விரிப்பு. விரிப்பின் தடிமன் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். நாங்கள் இருக்கும் ஓரிகனின் மேற்குப் பகுதியில் அக்டோபர் தொடங்கி மே வரை மழை. அத்தனை மழைக்கும் நமக்கும் நடுவே நிற்பது அந்த ஒரு மில்லிமீட்டர்தான்.

அந்த ரப்பருக்கு ஈபிடிஎம் என்று பெயர். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலி நெடுக இரட்டைப் பிணைப்புகள் இருக்கும். காற்றிலுள்ள ஓசோன் அவற்றைத்தான் வெட்டும். பழைய சைக்கிள் டயரில் மயிரிழை விரிசல்கள் விடுவது இதனால். ஈபிடிஎம்மின் முதுகுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இல்லை, அதனால் வெயிலில் பல வருடம் தாங்குகிறது. ஆனாலும் மேற்பரப்பு மெல்ல மாவாக உதிரும். கூரையைத் தொட்டால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டும், மழை பெய்தால் பக்கச் சுவர்களில் வெள்ளைக் கோடுகள் வழியும்.

ஆனால் ஒழுகல் பெரும்பாலும் விரிப்பின் நடுவே தொடங்குவதில்லை. விளிம்புகளிலும் ஓட்டைகளிலும்தான் தொடங்கும். ஏசிக்கு ஒன்று, காற்றுப்போக்கிகளுக்கு ஒவ்வொன்று, குளியலறை ஸ்கைலைட்டுக்கு ஒன்று, ஆன்டெனாவுக்கு ஒன்று என்று கூரையில் நாமே வெட்டிய ஓட்டைகள். ஒவ்வொன்றையும் சுற்றித் திருகாணிகள், திருகாணிகளின் மேல் கூழ்போலப் பரவி இறுகும் சீலன்ட். வண்டி சாலையில் ஓடும்போது கூரை முறுக்கிக்கொள்ளும், வெயில் சீலன்டை வறட்டும். எங்கோ ஓர் இடத்தில் முடியளவு பிளவு விடும். தண்ணீருக்கு அது போதும். நுழைந்த இடத்திலேயே சொட்டினால் கண்டுபிடித்துவிடலாம். அது சட்டத்தோடு ஓடி ஆறடி தள்ளி எட்டிப்பார்க்கும். கறை கண்ணில் படுவதற்குள் பலகை மக்கியிருக்கும்.

அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை மேலே ஏறிப் பார்க்க வேண்டும். பிடிப்பு விட்ட பழைய சீலன்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். பெட்ரோலிய வகைக் கரைப்பான்களால் துடைக்கக் கூடாது, ரப்பர் ஊதிவிடும். கண்ட சிலிகானையும் பிதுக்கக் கூடாது, பிறகு அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது. புது சீலன்ட் இறுகிய பிறகு கூரை முழுவதையும் கழுவிக் காயவைத்து, பனி இறங்காத நாளாகப் பார்த்து, ரோலரால் இரண்டு கோட். இதில் உருட்டும் வேலை கால்பங்குதான். முக்கால்பங்கு சுரண்டலும் கழுவலும்.

நான் அந்த முக்கால்பங்கில்தான் இருந்தேன். வண்டியை விற்பது என்று முடிவாகியிருந்தது. பிள்ளைகளுக்குச் சனி ஞாயிறு முழுக்க வகுப்புகள், வண்டி வருடத்துக்கு இரண்டு முறைதான் நகர்ந்தது. விற்பதற்கு முன் கூரையைச் சரிசெய்து கொடுப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அமுங்கிய மூலையில் விளிம்புப் பட்டையின் ஒரு திருகாணியைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்தேன். டீயில் நனைத்த ரஸ்க்கில் இறங்குவதுபோல இறங்கியது. வெளியே எடுத்தபோது நுனியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

ஐந்து வருடங்களுக்கு முன் இந்த வண்டியை எங்களுக்கு விற்றவர், "போன மாசம்தான் கூரைக்குப் புது கோட்டிங் அடிச்சேன்" என்று சொல்லியிருந்தார். ஏணியில் ஏறிப் பார்த்தேன். பளிச்சென்று வெள்ளை. அந்த வெள்ளைக்காகவே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தோம். மூன்றாவது மழைக்காலத்தில் முன்பக்க அலமாரிக்குள் பழுப்புக் கறை ஒன்று வந்தது. அன்றிலிருந்து அந்த மனிதரை நான் திட்டாத மழைநாள் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருகாணியைத் திரும்ப முடுக்கினேன். சுற்றிலும் தாராளமாக சீலன்ட் விட்டேன். அடுத்த நாள் காலை ஒரு கோட், மாலை ஒரு கோட். இருட்டுவதற்குள் கூரை பளிச்சென்று வெள்ளையாகிவிட்டது.

*

கூரையைப் பார்க்கப் புதன்கிழமை ஓர் அம்மா வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாடகை கட்டி மாளவில்லை, வீட்டைக் காலி செய்துவிட்டு ட்ரெய்லரிலேயே குடியிருக்கப் போகிறேன் என்றார். அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "கூரை எப்படி இருக்கு?"

"இப்பதான் எல்லா ஜாயிண்டையும் சீல் பண்ணி, ரெண்டு கோட் அடிச்சிருக்கேன்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவர் ஏணியில் பாதி ஏறி எட்டிப் பார்த்தார். "நல்லா பராமரிச்சிருக்கீங்க" என்றார். 500 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

இரவு பாத்திரம் துலக்கிக்கொண்டே மனைவி கேட்டாள். "அந்த மூலைய என்ன பண்ண?"

"சீல் பண்ணிட்டேன்."

"நான் அத கேக்கல."

*

சிசெரோ கி.மு. 44இல், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்குக் கடமைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் வீடு விற்கும் ஒருவன் வருகிறான். வீட்டில் குறைகள் இருக்கின்றன. அறைகளில் பாம்பு வருகிறது, மரவேலை மோசம், இடிந்து விழும் நிலை. உரிமையாளனைத் தவிர யாருக்கும் தெரியாது. அவன் சொல்ல வேண்டுமா? ஸ்டோயிக் மரபைச் சேர்ந்த இருவரை சிசெரோ எதிரெதிரே நிறுத்துகிறார். சொல்லத்தான் வேண்டும் என்கிறார் ஆன்டிபேட்டர். வழி தெரியாதவனுக்கு வழி காட்டாமல் விடுவதைவிட இது மோசம், தெரிந்தே ஒருவனைத் தவற்றுக்குள் இறக்குவது என்பது அவர் வாதம். அவருடைய ஆசிரியர் பாபிலோன் டயோஜெனஸ் மறுக்கிறார். சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு. வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வாங்குபவனுக்குக் கண் இருக்கிறது. தன் பொருளின் குறையைத் தண்டோரா போட்டு விற்பவன் உண்டா?

டயோஜெனஸை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. பழைய வண்டியை 'உள்ளது உள்ளபடி' என்றுதான் விற்கிறோம். விலை குறைவாக இருப்பதே அதனால்தான். குளிர்சாதனப் பெட்டி எத்தனை வருடம் ஓடும், டயர் எப்போது வெடிக்கும் என்று எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பார்த்து வாங்குவது வாங்குபவரின் பொறுப்பும்தான். இந்த வாதத்தை அன்றிரவு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் 'வாங்குபவனுக்குக் கண் இருக்கிறது' என்ற இடத்தில் தடுக்கியது.

சனிக்கிழமை அந்த அம்மா வந்திருந்தால் என்ன பார்த்திருப்பார்? உதிரும் ரப்பர், விரிசல் விட்ட சீலன்ட், மூலையில் பாசி. கூரை என்னும் சாட்சி வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தது. விவரம் தெரிந்தவர் யாரும் அந்த மூலையை ஒருமுறை அழுத்திப் பார்த்திருப்பார்கள். புதன்கிழமை அந்தச் சாட்சி இல்லை. நான்தான் வாயை அடைத்தேன். அவருக்குக் கண் இருந்தது, பார்ப்பதற்கு எதையும் நான் விட்டுவைக்கவில்லை. அப்படியானால் டயோஜெனஸின் வரையறைப்படியே நான் செய்தது சும்மா இருப்பதல்ல, மறைப்பதுதான். அவருடைய தத்துவம்கூட என்னைக் காப்பாற்றாது.

அதே பகுதியில் சிசெரோ இன்னொரு கதையும் சொல்கிறார். கானியஸ் என்ற ரோமானியர் சிராகூஸில் தோட்டம் வாங்க விரும்புகிறார். பித்தியஸ் என்ற வட்டிக்கடைக்காரன் தன் தோட்டத்துக்கு விருந்துக்கு அழைக்கிறான். முன்கூட்டியே மீனவர்களைக் கூப்பிட்டு அன்றைக்கு அந்தத் தோட்டத்தின் முன்னால் வந்து மீன் பிடிக்கச் சொல்லிவிடுகிறான். கானியஸ் வந்தால் எங்கு பார்த்தாலும் படகு, காலடியில் வந்து குவிகிற மீன். கேட்ட விலை கொடுத்து வாங்குகிறார். மறுநாள் ஒரு படகும் இல்லை. பக்கத்துக்காரனைக் கேட்டால், இங்கே யாரும் மீன் பிடிப்பதில்லையே, நேற்று நடந்தது எனக்கே புரியவில்லை என்கிறான். பித்தியஸ் வாயாலும் பொய் சொல்கிறான், ஆனால் அது தேவையே இல்லை. படகுகளே போதும். என் கூரையின் இரண்டு கோட்டும் அந்தப் படகுகள்தான்.

ஆனால் பித்தியஸ் வேண்டுமென்றே படகுகளை வரவழைத்தவன். எனக்குக் குழப்பம் தந்தது வேறு. சனிக்கிழமை நான் சுரண்டத் தொடங்கியபோது செய்தது பராமரிப்பு. திங்கட்கிழமை ரோலரை உருட்டியபோது செய்தது மோசடி. இரண்டு நாளும் அதே கை, அதே டப்பா, அதே கூரை. தெருவிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு எந்த இடத்தில் ஒன்று இன்னொன்றாக மாறியது என்று தெரியாது. நடுவில் மாறியது ஒன்றுதான். எனக்குத் தெரிந்துவிட்டது. முழங்கால் இரண்டாவது முறை அழுத்திய பிறகு அந்தப் பூச்சு பழைய பூச்சு இல்லை.

என் தொழிலிலும் இது உண்டு. நிரல் ஒரு பிழையைக் கத்திச் சொல்லிக்கொண்டே இருக்கும். நேரமில்லாத ஒரு மாலையில் அதைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் விழுங்கிவிடுகிற நாலு வரி எழுதுவோம். திரை சுத்தமாகிவிடும். பிழையைத் தீர்த்தவனுக்கும் விழுங்கியவனுக்கும் கிடைப்பது ஒரே சுத்தமான திரை.

பிறர் பொருளையும் தன்னுடையதைப் போலவே கருதிச் செய்வதுதான் வணிகருக்கு வணிகம் என்று வள்ளுவர் சொல்லும் குறள், வாய்மை அதிகாரத்தில் இல்லை. நடுவுநிலைமையின் கடைசிக் குறள் அது. பள்ளியில் இந்த இடம் எனக்குப் பொருந்தாததாகத் தோன்றியது. இப்போது சரியான இடம் என்று படுகிறது. நான் பொய் சொல்லவில்லை. தராசில் என் பக்கம் இருந்த ஒரு தகவலை அவர் பக்கத் தட்டில் வைக்காமல் விட்டேன். முள் சாய்ந்தது.

*

வியாழக்கிழமை காலை அந்த அம்மாவுக்குப் போன் செய்து, மூலையில் பலகை மக்கியிருக்கிறது, எனக்குத் தெரியும், சொல்லாமல் விட்டுவிட்டேன் என்றேன். விலையைக் குறைக்கிறேன், அல்லது நானே சரிசெய்து தருகிறேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"நேத்து நான் கேட்டேனே" என்றார்.

"ஆமா."

"பலகை பரவாயில்ல. பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும். ஆனா இனிமே நீங்க அடுப்பு நல்லா இருக்குன்னு சொன்னதையும் நான் யோசிக்கணும்ல."

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி அவர் கூப்பிடவில்லை. உண்மையைச் சொன்னதற்குப் பாராட்டு கிடைக்கும் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போல. கிடைக்காதபோதுதான் அது தெரிந்தது. ஒரு நாள் தாமதமாக வந்த உண்மைக்கு உண்மையின் முழு விலை கிடைக்காது. கேட்டதும் நியாயமில்லை.

செப்டம்பரில் மழைக்கு முன் இரண்டு வார இறுதிகள் எடுத்துக்கொண்டு கூரையைத் திறந்தேன். விளிம்புப் பட்டையைக் கழற்றி, ரப்பரை மெல்ல உரித்துப் பின்னால் மடித்தேன். சாப்பாட்டு மேசை அளவுக்குப் பலகை கறுத்துப் போயிருந்தது. ஒரு சட்டம் பாதி மக்கியிருந்தது, அதற்கு ஒரு துணைக்கட்டை வைத்தேன். புது ப்ளைவுட், புதுப் பசை, பட்டைக்கு அடியில் பியூட்டைல் டேப், மேலே சீலன்ட். பிறகு கோட்டிங்.

எனக்கு விற்றவருக்கு இது தெரிந்திருந்ததா என்று அந்த மரத்தில் தேடினேன். திருகாணியைச் சுற்றி மூன்று அடுக்கு சீலன்ட் இருந்தது. யாரோ மூன்று முறை முயன்றிருக்கிறார்கள். அமுங்கலைத் தெரிந்து மூடியவரின் கையா, தெரியாமல் அக்கறையோடு பூசியவரின் கையா என்று சீலன்ட் சொல்லாது. இத்தனை நாள் நான் திட்டிய ஆள் ஒருவேளை முழங்காலை அந்த இடத்தில் வைக்காமலே போன மனிதராக இருக்கலாம். இப்போது திட்டுவதில்லை, மன்னிக்கவும் இல்லை. என் கூரையும் அன்று அப்படித்தான் இருந்தது என்பது மட்டும் தெரியும்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு சின்ன விதிதான். நல்ல பராமரிப்பும் தடயத்தை அழிக்கும், மோசடியும் தடயத்தை அழிக்கும். பூசிய பிறகு, கீழே என்ன இருக்கிறது என்பதற்கு ஒரே சாட்சி பூசியவன்தான். ஆகவே பூசுகிறவனுக்குக் கூடுதலாக ஒரு கடன் இருக்கிறது. மூடுவதற்கு முன் பார்த்ததை, மூடிய பிறகு வருகிறவருக்கு விட்டுச்செல்வது.

வண்டி இன்னும் விற்கவில்லை. கதவுக்குப் பக்கத்து டிராயரில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். கறுத்த பலகையின் நாலு படங்கள் ஒட்டி, எந்த மூலை, எத்தனை அடி, என்ன மாற்றினேன், எதைத் திறந்து பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். ஏசிக்குப் பின்பக்கம் நான் திறக்கவில்லை. அங்கே அழுத்தியபோது கெட்டியாக இருந்தது. அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன்.