திரும்பி வரும் வசந்தம்

கிம் கி டுக் இயக்கி 2003இல் வெளிவந்த கொரியப் படத்தின் பெயரே பருவங்களின் வரிசைதான்: ‘வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம்... மீண்டும் வசந்தம்’. குளத்தில் மிதக்கும் சின்னஞ்சிறு மடம், ஒரு முதிய துறவி, அவரிடம் வளரும் சிறுவன். ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது குளத்தின் நிறம் மாறியிருக்கும், சிறுவன் இளைஞனாகியிருப்பான்.

காலம் இப்படிச் சுழல்வதென்றால், செய்த வினை எங்கே போகும்?

சிறுவன் விளையாட்டாக மீன், தவளை, பாம்பு மூன்றின் உடலிலும் கல்லைக் கட்டுகிறான். மீனும் பாம்பும் செத்துப்போகின்றன. வளர்ந்து, காதலித்து, மடத்தைவிட்டு ஓடியவன், மனைவியைக் கொன்றுவிட்டுத் திரும்புகிறான். குரு மரத்தளத்தில் பிரஜ்ஞாபாரமிதா என்னும் பௌத்த சூத்திரத்தை எழுத, கொலை செய்த அதே கத்தியால் ஒவ்வோர் எழுத்தாகச் செதுக்குகிறான். கைதுசெய்ய வந்த காவலர்கள் காத்திருக்கிறார்கள். ஆண்டுகளை நொடியில் தாண்டிய படம், இந்த ஓர் இரவில் மட்டும் கனத்து நகர்கிறது. மனம் திரும்புவதற்கு அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது.

சிறை மீண்டு துறவியாகும் அவனாக இயக்குநரே நடித்தார். உடம்பில் கட்டிய கல்லை இழுத்துக்கொண்டு, கையில் சிலையோடு பனிமலை ஏறுகிறார். மீனின் உடலில் கட்டிய அதே பாரம் அல்லவா அது!

சம்சாரம் என்னும் பிறவிச் சுழல் வெறும் வட்டம் என்றால் அந்த ஏற்றத்துக்குப் பொருளே இல்லை. இறுதி வசந்தத்தில் புதிய சிறுவன் ஓர் ஆமையைத் துன்புறுத்துகிறான். முதல் பகுதியில் வந்த பையனே அவனாகவும் நடித்தான். இதை அவநம்பிக்கை என்று படிப்பவர்கள், இந்தச் சிறுவனுக்கு வாய்த்திருக்கும் குரு கொலையும் சிறையும் கடந்து வந்தவர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.