முதிர்ந்த நாயும் நமது கடமையும்

பதினான்கியாண்டு வாயில்காத்த நாய் எழமாட்டாது கிடக்கின்றது. அதனுயிரை மருந்தினாற் போக்குவதோ, தானே நீங்குமளவும் பேணுவதோ தருமம் என்பது ஆராயற்பாலது.

கொல்லாமையே தலையாய அறமாதலின் மருந்து ஆகாதென்பர் ஒருசாரார். தீராநோயில் வருந்தவிடுதலும் கொடுமையேயென்பர் மற்றொருசாரார். இருசாராரும் முதற்கண் தம்மை வினவற்பாலது ஒன்றுண்டு: நாம் நீக்கக் கருதுவது நாயின் துன்பமா, அதனைக் காணும் நமது துன்பமா? நமது துன்பம் நீங்கப் பிறிதோருயிரைப் போக்குதல் இரக்கமாகாது. பேணுதற்குச் சோம்பி, 'கொல்லேன்' என்று ஒதுங்குதலும் அறமாகாது.

மகாபாரதத்து மகாப்பிரஸ்தானிக பருவத்திலே, நாயை விட்டுவரின் சுவர்க்கம் புகலாமென்ற இந்திரனுக்குத் தருமபுத்திரர் இணங்கிலர். அடைந்ததைக் கைவிடாமையே அவர் கொண்ட அறம்.

எம் வீட்டு நாய்க்குக் கண்ணுஞ் செவியும் மங்கின. மோப்பம் மாத்திரம் நின்றது. நோவு பெரிதன்றென்று மருத்துவர் கூறினமையால், மூன்றிரவு அருகிருந்து நீர் புகட்டினேன். என் கையை மோந்தபடியே அஃது அடங்கிற்று. நோவு பொறுக்கலாகாததாயிருப்பின் மருந்தை மறுத்திரேன். அப்போதும் அருகைவிட்டு அகன்றிரேன்.

ஆசிரியர்காள்! முதிர்ந்த நாயைத் தெருவில் விட்டுவரும் வீட்டிலே வளருஞ் சிறுவனுக்குச் சீவகாருணியத்தைப் பாடத்தாற் போதித்தல் அரிது.