தொடாத கையும் தூய கையும்

தீங்கு செய்யாதவன் நல்லவன் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். ஆனால் தன் கை படாத இடத்தில் தன்னால் விளையும் தீங்குக்கு ஒருவன் பொறுப்பாளியா? இக்கேள்வியைக் கடலடியில் நின்று சிந்திப்பது பயன் தரும். ஏனெனில் மனிதன் விருந்தினன் என்பது அங்கே ஐயத்திற்கு இடமின்றித் தெரிகிறது.

பிலிப்பைன்ஸ் நாட்டிற்குக் கிழக்கே, பசிபிக் பெருங்கடலில், பலாவு என்னும் சிறு தீவு நாடு உள்ளது. அதன் பவளப்பாறைகளைக் காண உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். 1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய மூச்சுக் கருவியின் வழிவந்த கருவிகளோடு, முதுகில் காற்று உருளையைச் சுமந்து இறங்குகின்றனர். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிறது, செந்நிறம் மங்கிவிடுகிறது. மூச்சை இழுத்தால் உடல் சற்றே எழும், விட்டால் தாழும். உருளையில் எஞ்சிய காற்றைக் காட்டும் மானியை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அங்குள்ள புளூ கார்னர் என்னுமிடத்தில் நீரோட்டம் வலியது. முக்குளிப்போர் கயிற்றில் கட்டிய கொக்கியை உயிரற்ற பாறையில் மாட்டி, அசையாது நின்று சுறாக்களைக் காண்பர். உயிருள்ள பவளத்தில் அதை மாட்டலாகாது. பவளம் கல்லன்று; எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய இல்லம். அவற்றுள் பல இனங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளர்பவை. துடுப்புக் காலணியின் ஒரே உதையில் பல்லாண்டு உழைப்பு முறிந்துபோகும்.

2017 டிசம்பரில் பலாவு ஒரு புதுமுறையைத் தொடங்கியது. வருவோரின் கடவுச்சீட்டில் ஓர் உறுதிமொழியை முத்திரையிட்டு, அதில் அவர்களைக் கையொப்பமிடச் செய்தது. அவ்வுறுதிமொழி அரசை நோக்கியதன்று. பலாவின் குழந்தைகளை நோக்கியது. நாளை இக்கடலுக்கு உரியவர்களிடம் இன்றைய விருந்தினன் வாக்களிக்கிறான்.

இனி, எதையும் தொடாது, எதையும் எடுக்காது கரையேறியவன் தூய கையினன் ஆவானா? பவளத்தின் திசுக்களுக்குள் நுண்பாசி வாழ்ந்து அதற்கு உணவளிக்கிறது. கோடைக்கால வழக்கத்தைவிட ஏறத்தாழ ஒரு பாகை வெப்பம் கூடிச் சில வாரங்கள் நீடித்தால், பவளம் அப்பாசியை இழந்து வெளிறிவிடுகிறது. வெப்பம் தணியாவிடில் மடிகிறது. 1998இல் பலாவின் பவளங்கள் இவ்வாறு பெருமளவில் அழிந்தன. அவை பின்னர் மீண்டும் தழைத்தன என்பது உண்மையே. ஆயினும் நாம் எரிக்கும் எரிபொருளால் கடல் சூடேறி வருவதால், இத்தகைய இடர்கள் அடிக்கடி நேர்கின்றன. மீள்வதற்கான இடைவெளி குறுகுகிறது. பவளத்தைத் தொடாதவனும், கடலில் கால் நனைக்காத நாமும் அதில் பங்குடையோம் அல்லவா?

அப்படியானால் போகாதிருப்பதே அறம் என்பர் சிலர். இவ்வாதம் புறக்கணிக்கத் தக்கதன்று. அங்குச் செல்லும் விமானமும் எரிபொருளையே எரிக்கிறது. ஆனால் பலாவின் மக்கள் பலருக்கு விருந்தினர் வருகையே பிழைப்பு. பவளம் உயிரோடிருப்பதால்தான் அவ்வருகையும் உண்டு. மேலும், வீட்டிலேயே இருந்துகொண்டு வரம்பின்றி நுகர்பவன் போகாமையினால் மட்டும் நல்லவனாகிவிடுவதில்லை. ஆகவே போவதா, வேண்டாவா என்பதோடு வினா முடிவதில்லை. நாம் எங்கிருந்தாலும் நம் வாழ்வுக்கு ஓர் அளவு உண்டென ஏற்கிறோமா என்பதே மனச்சான்று கேட்கும் கேள்வி.

நம் ஒருவரின் சிக்கனத்தால் கடல் குளிர்ந்துவிடாது என்பதும் மெய்யே. எனினும் பலருடைய சிறு பங்குகள் சேர்ந்து விளைந்த தீங்கில், தன் பங்கு சிறிது என்று கூறி எவரும் விலகிக்கொள்ள இயலாது. நீருக்கடியில் இருப்பவன் தன் காற்று அளவுடையது என்பதை ஒரு கணமும் மறப்பதில்லை. மறந்தால் உயிர் பிழையான். மேலே வந்தபின் நாம் அதை மறந்துவிடுகிறோம். குழந்தைகளுக்கு அளித்த வாக்கோ கரையேறியதும் முடிந்துவிடுவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது.