பெரிய காரும் பிறர் உயிரும்

ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஒரு செடான் காரை வாங்குவது அறமா என்று கேட்டால் இரண்டு பதில்கள் உடனே வந்து நிற்கும். அரைவயிற்றுக் கஞ்சிக்கு அல்லாடுபவர்கள் வாழும் நாட்டில் இது அடுக்குமா என்பது ஒன்று. உழைத்துச் சம்பாதித்தவர், வரி கட்டியவர், தன் பணத்தைத் தன் விருப்பப்படி செலவழிக்கிறார், இதில் அடுத்தவருக்கு என்ன என்பது மற்றொன்று. இரண்டுமே வாங்குபவரின் மனசாட்சியோடு பேச்சை முடித்துவிடுகின்றன. அந்தக் காரில் ஒருநாளும் ஏறப்போகாதவர்களுக்கு அது என்ன கொடுத்தது, அவர்களிடமிருந்து என்ன எடுத்துக்கொள்கிறது என்ற கணக்கை யாரும் பார்ப்பதில்லை. மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ், பிஎம்டபிள்யூ 7 சீரிஸ், ஆடி ஏ8 போன்ற பெரிய செடான்களை அறத்தின் தராசில் வைப்பதென்றால் அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கொடுத்தது கொஞ்சமல்ல. ஈரச் சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழல்வது நின்று வண்டி வழுக்கும். வழுக்கிக்கொண்டிருக்கும் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி திரும்பாது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகும் கணத்தை உணர்ந்து, பிரேக்கின் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தியும் இறுக்கியும் கொடுப்பதுதான் ஏபிஎஸ். போஷ் நிறுவனமும் மெர்சிடிஸும் சேர்ந்து உருவாக்கிய மின்னணு ஏபிஎஸ் 1978-ல் எஸ்-கிளாஸ் காரில் வந்தது. ஏர்பேக்கை 1970-களின் நடுவில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய கார்களில் விற்றுப் பார்த்தது. வாங்க ஆளில்லாமல் கைவிட்டது. 1981-ல் எஸ்-கிளாஸில் அது மறுபடி வந்தபோது நிலைத்தது. அதற்கும் முன்பே, மோதலின் விசையைக் காரின் முன்னும் பின்னும் நசுங்கி வாங்கிக்கொள்ள, ஆட்கள் உட்காரும் கூடு மட்டும் உடையாமல் நிற்க வேண்டும் என்று பேலா பாரெனி என்ற பொறியாளர் கண்ட வழி, 1959-ல் மெர்சிடிஸின் பெரிய செடானில் நடைமுறைக்கு வந்தது.

இவையெல்லாம் விலையுயர்ந்த காரில் முதலில் வந்ததற்குக் காரணம் உண்டு. புதிய கருவி ஒன்று ஆயிரக்கணக்கில் மட்டும் செய்யப்படும்போது ஒவ்வொன்றின் விலையும் எக்கச்சக்கமாக இருக்கும். அந்த விலையைத் தாங்கக்கூடியவர் பணக்கார வாடிக்கையாளர்தான். அவர் கொடுத்த பணத்தில் கருவி செம்மையாகிறது, எண்ணிக்கை கூடுகிறது, விலை இறங்குகிறது. பெரிய செடானுக்காகச் சொல்லக்கூடிய வாதங்களில் வலுவானது இதுவே.

அது வெறும் ஏட்டு வாதமும் அல்ல. வண்டி நிலைகுலைந்து சுழலத் தொடங்கினால் தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போட்டு நேர்ப்படுத்தும் ஈஎஸ்பி என்ற ஏற்பாடு 1995-ல் எஸ்-கிளாஸ் வரிசையின் இரண்டு கதவு வண்டியில் அறிமுகமானது. இரண்டு ஆண்டு கழித்து, 1997 அக்டோபரில், சுவீடன் நாட்டுக் கார் இதழ் ஒன்று மெர்சிடிஸின் புதிய சிறிய காரான ஏ-கிளாஸைச் சோதித்தது. சாலையில் திடீரென்று காட்டுமான் குறுக்கே வந்தால் ஒதுங்குவதுபோல ஒடித்துத் திருப்பினார்கள். கார் கவிழ்ந்துவிட்டது. உலகமே பார்த்த அவமானம் அது. நிறுவனம் விற்பனையை நிறுத்தி, தன் விலையுயர்ந்த காரில் இருந்த ஈஎஸ்பியை அந்தச் சின்னக் கார் ஒவ்வொன்றிலும் பொருத்தித் தந்தது. பணக்காரரின் காரிலிருந்து நடுத்தரக் குடும்பத்தின் காருக்கு ஓர் உயிர்காப்புக் கருவி இரண்டே ஆண்டில் இறங்கி வந்தது.

இரண்டு ஆண்டில் முடியும் என்பதற்கு அதுவே சான்று. அப்படியிருக்க இந்தியாவில் ஏன் நாற்பது ஆண்டு ஆனது?

1978-ல் விற்பனைக்கு வந்த ஏபிஎஸ், இந்தியாவில் புதிய மாடல் கார்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலும்தான் கட்டாயமானது. 1981-ன் ஏர்பேக், ஓட்டுநருக்கு மட்டும், 2019 ஜூலையில் கட்டாயமானது. பக்கத்தில் உட்காருபவருக்கு 2021 வரை பொறுக்க வேண்டியிருந்தது. 2014 ஜனவரியில், கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்ற சிறிய கார்களை மோதிப் பார்த்தது. மாருதி ஆல்டோ, டாடா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஹூண்டாய் ஐ10, ஃபோக்ஸ்வாகன் போலோ ஆகிய ஐந்தின் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்களும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. ஏர்பேக் பொருத்திய போலோவைச் சோதித்தபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. காரின் பெயர் ஒன்றுதான், உடலும் ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் ஏர்பேக் கிடைக்காத பொருளல்ல. ஷோரூமில் கேட்டால் கிடைக்கும், ஆனால் ‘டாப் எண்ட்’ மாடலில். அலாய் வீல், தொடுதிரை, தோல் உறை ஆகியவற்றோடு ஒரே பட்டியலில், ஒரே படிக்கட்டின் மேல்படியில் அது வைக்கப்பட்டிருந்தது. பட்ஜெட் போதாத குடும்பம் தொடுதிரையை விட்டுக்கொடுக்கும்போது ஏர்பேக்கையும் சேர்த்தே விட்டுக்கொடுத்தது. அறப்பிழை நடந்த இடம் இதுதான். மெத்தென்ற இருக்கையைக் காசுள்ளவருக்கு மட்டும் விற்பதில் தவறில்லை. மோதலில் மார்புக்கூடு நொறுங்காமல் இருப்பதையும் அதே முறையில் விற்றதுதான் தவறு. இந்தப் பழக்கத்தின் வேரும் பெரிய செடானில்தான் இருக்கிறது: 1978-ல் அந்த ஏபிஎஸ்ஸும் தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டிய கூடுதல் வசதியாகத்தான் அறிமுகமானது.

மேலே ஊற்றினால் கீழே தானாக வடியும் என்ற நம்பிக்கையை இந்த வரலாறு ஆதரிக்கவில்லை. சுவீடனில் ஓர் அவமானமும் இந்தியாவில் ஓர் அரசாணையும் தேவைப்பட்டன. மேலேயிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. மூன்று முனைகளில் பிடிக்கும் சீட் பெல்ட்டை வோல்வோ பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். 1959-ல் அது பொருத்தப்பட்டது சாதாரணக் குடும்பக் கார்களில். காப்புரிமையை வைத்துப் பணம் பண்ணாமல் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ விட்டுக்கொடுத்தது. சாலையில் அதைவிட அதிக உயிர்களைக் காத்த கருவி வேறொன்றைச் சொல்வது கடினம். ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் செல்வத்தைப் பழிக்கவில்லை. அது ஊருக்குப் பயன்படும் இடத்தில் இருக்கட்டும் என்கிறார். வோல்வோவின் முடிவை அவர் தயங்காமல் ஏற்றிருப்பார்.

இனி, எடுத்துக்கொள்வது. பெரிய காரின் பாதுகாப்பில் இரண்டு வகை கலந்திருக்கிறது. ஏபிஎஸ், ஈஎஸ்பி போன்றவை அறிவால் வந்தவை. அவை உள்ளே இருப்பவரைக் காப்பதால் வெளியே இருப்பவருக்கு ஆபத்து கூடுவதில்லை; சரியான நேரத்தில் நிற்கும் கார் எதிரே வருபவரையும் காக்கிறது. இன்னொரு வகை எடையால் வருவது. இரண்டு டன் எடையுள்ள ஒரு கார், முக்கால் டன் காரோடு மோதினால் பெரிய கார் தப்புவதன் விலையைச் சின்னக் கார் கட்டுகிறது. மைக்கேல் ஆண்டர்சன், மாக்சிமிலியன் ஆஃப்ஹாமர் என்ற இரு பொருளியலாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க விபத்துத் தரவுகளை வைத்து இதை அளந்தார்கள். மோதும் வாகனம் ஆயிரம் பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ கூடுதலாக இருந்தால், மோதப்பட்ட காரில் இருப்பவர் இறக்கும் வாய்ப்பு 47 சதவீதம் உயர்கிறது. பாதுகாப்புக்காகத்தான் பெரிய கார் வாங்கினேன் என்று சொல்பவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை, குழந்தைகளை நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் வாங்கிய பாதுகாப்பில் ஒரு பங்கு அடுத்த வீட்டுக் குழந்தையின் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது.

இந்த இடத்தில் செடானுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். இன்று செல்வந்தர்கள் செடானை விட்டு உயரமான எஸ்யூவிக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். சாலையில் நடப்பவருக்கு இந்த மாற்றம் கெட்ட செய்தி. தாழ்ந்து சரிந்த பானெட் மோதினால் அடி காலில் விழும், உடல் பானெட்டின் மேல் சாயும். உயர்ந்து செங்குத்தாக நிற்கும் முகப்பு மார்பையும் தலையையும் தாக்கும். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐஐஎச்எஸ் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனங்கள் மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உயர்ந்து சரிந்த முகப்புள்ளவற்றைவிட, பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். இந்தியாவில் 2022-ல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதசாரிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள் 44 சதவீதத்துக்கும் மேல். ஆடம்பரக் கார் வாங்கியே தீருவேன் என்பவர் எஸ்யூவியை விட்டுச் செடானைத் தேர்ந்தெடுத்தால், தெருவில் நடப்பவர் சார்பில் அதை வரவேற்கத்தான் வேண்டும்.

சொகுசைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. முதுகுத்தண்டு தேய்ந்த முதியவருக்குச் சென்னையிலிருந்து மதுரை வரை நல்ல பின்னிருக்கை ஒரு வரம். அதில் குற்றம் காண்பது வறட்டுப் பிடிவாதம். பகட்டுக்காக வாங்குவதைப் பற்றி 1899-லேயே பொருளியலாளர் தோர்ஸ்டீன் வெப்லன் ஒரு நூல் எழுதிவிட்டார். ஆனால் முன்னிருக்கையில் இருப்பவரை மறந்துவிட்டுப் பின்னிருக்கையின் சுகத்தை மட்டும் பேச முடியாது. இந்த வகைக் காரை நம் நாட்டில் பெரும்பாலும் ஓட்டுவது சம்பள ஓட்டுநர். கல்யாண மண்டபத்தின் வாசலில் நள்ளிரவு வரை காத்திருந்து, மறுநாள் விடியலில் விமான நிலையத்துக்கு வண்டி எடுப்பவர் அவர். காரின் மின்னணுக் கண்கள் ஓட்டுநரின் களைப்பைக் கண்டறிந்து எச்சரிக்கும். அந்தக் களைப்பு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர் முதலாளி. தூங்காத ஓட்டுநரிடம் வண்டியைக் கொடுத்து அனுப்புபவர், எத்தனை ஏர்பேக்குக்குப் பணம் கட்டியிருந்தாலும், தன் உயிரையும் ஊரார் உயிரையும் பணயம் வைக்கிறார். பின்னிருக்கையில் பெல்ட் போடுவதைக் கௌரவக் குறைவாக நினைப்பவரும் அப்படியே. 1997-ல் பாரிஸ் சுரங்கச் சாலையில் இளவரசி டயானாவின் உயிரைப் பறித்த விபத்து நடந்தபோது அவர் இருந்தது ஒரு எஸ்-கிளாஸ் காரின் பின்னிருக்கையில். அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை.

வேலைவாய்ப்பு என்ற வாதமும் உண்டு. செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் பிஎம்டபிள்யூ ஆலையில் 7 சீரிஸ் பூட்டப்படுகிறது. அங்கே நம் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். நல்லதுதான். இருந்தாலும் கணிசமான பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்பவை. அதே பணம் வேறெங்கே செலவானாலும் யாருக்கோ வேலை கொடுத்தே இருக்கும் என்பதால் இந்த வாதம் தராசை அதிகம் சாய்ப்பதில்லை.

தராசை உண்மையில் சாய்ப்பது வரி. வாங்கும் உரிமையைக் கேட்பவர் அதற்குரிய வரியை முகம் சுளிக்காமல் கட்ட வேண்டும். கேரளத்தில் குடியிருந்துகொண்டு, புதுச்சேரியில் ஒரு முகவரியைக் காட்டி, குறைந்த சாலை வரியில் ஆடம்பரக் கார்களைப் பதிவு செய்தவர்கள் மீது 2017-ல் வழக்குகள் வந்தன. யாருடைய சாலையில் அந்தக் கார் ஓடுகிறதோ அந்த ஊர்க்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பணம் அது. காரின் விலையில் அது சிறு பகுதி என்பதால் குற்றம் சிறுத்துவிடாது.

சட்டத்தை மீறாமலேயே நடக்கும் அநீதியும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு பெரிய பெட்ரோல் செடானுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 48 சதவீதம் இருந்தது, இப்போது 40. கொத்தனாரும் கூரியர் பையனும் வாங்கும் 100 சிசி பெட்ரோல் பைக்குக்கு 18 சதவீதம். ஒன்றரைக் கோடிக்கு மேல் விலை போகும் மின்சாரச் செடானுக்கு வெறும் 5 சதவீதம், மின்சாரம் என்ற ஒரே காரணத்தால். அந்தக் காரின் பேட்டரி நூறு கிலோவாட்-மணி அளவு. அதைப் பிரித்தால் ஏறக்குறைய முப்பது மின்சார ஸ்கூட்டர்களுக்குப் பேட்டரி கிடைக்கும். காற்றை மாசுபடுத்தாத வண்டிக்குச் சலுகை தருவது சரியான கொள்கை, ஸ்கூட்டருக்கும் சிறிய காருக்கும் ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் அது தொடர வேண்டும். ஆனால் சலுகை என்பது மற்றவர்கள் கட்டிய வரியிலிருந்து விட்டுக்கொடுப்பது. ஒரு குறிப்பிட்ட விலைக்கு மேல் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டு, அப்படி வரும் பணத்தை, இருசக்கர வாகனம் ஒவ்வொன்றிலும் ஏபிஎஸ் பொருத்துவதால் ஏறும் விலையை ஈடுகட்டத் திருப்பிவிடலாம். 2018-ல் தொடங்கி நடைமுறைக்கு வந்த விதி 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்குத்தான் ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியது. அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு, அதாவது நாட்டில் பெரும்பான்மையோர் ஓட்டும் வண்டிகளுக்கு, முன் பின் பிரேக்குகளை இணைக்கும் எளிய ஏற்பாடே போதும் என்று விட்டுவிட்டது. 1978-ல் ஓர் எஸ்-கிளாஸ் உரிமையாளருக்குக் கிடைத்தது, விபத்தில் சாவோரில் மிகப் பெரிய பங்கினருக்கு இன்னும் வந்து சேர வேண்டியிருக்கிறது.