உடம்பு பழகாது

"அவங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க. உடம்பு பழகிடுச்சு." வெள்ளம் வடிந்த தெருவில் தூய்மைப் பணியாளர் சேற்றை அள்ளும்போது வாசலில் நின்று பார்ப்பவர்கள் சொல்வது இது. படித்தவர்களும் சொல்கிறார்கள். இதை மூடநம்பிக்கை என்றே சொல்வேன். ராகு காலம் பார்ப்பவருக்கு நேரம்தான் வீண். இந்த நம்பிக்கையில் போவது அடுத்தவர் உயிர்.

டெட்டனஸை எடுத்துக்கொள்வோம். அதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. செருப்புக் காலோடு சாக்கடைக் கலங்கலில் இறங்கியவரின் பாதத்தைத் தகரம் கிழிக்கிறது. கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி இறங்குகிறார். காயத்துக்குள் போன கிருமி சுரக்கும் நஞ்சு, துளியிலும் துளியாக இருந்தாலே ஆளைக் கொல்லும். எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ள உடம்புக்கு அந்த அளவு போதாது. அதனால்தான் டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட வேண்டியிருக்கிறது. காலமெல்லாம் சாக்கடையில் நின்றாலும் இந்த நஞ்சுக்கு உடம்பு பழகாது, ஊசிதான் பழக்கும். முதல் தவணைகளை முடித்தவர் 10 ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். அழுக்குக் காயம் பட்டால், கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தாலே இன்னொன்று வேண்டும்.

ஏ வகை மஞ்சள் காமாலை சின்ன வயதில் வந்துபோனவருக்குத் திரும்ப வராது, உண்மைதான். ஆனால் யாருக்கு வந்துபோனது என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும், பிறந்த சாதி சொல்லாது. டைபாய்டோ வந்தவரையே மறுபடி பிடிக்கும்.

எலிக்காய்ச்சலுக்கு நம் நாட்டில் வழக்கமாகப் போடும் ஊசி இல்லை, மாத்திரை உண்டு. 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிவந்து மக்களை மீட்டார்கள். பின்னாலேயே எலிக்காய்ச்சல் பரவியது. வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் சாப்பிடச் சொன்னது அரசு. சாப்பிடாதீர்கள் என்று இயற்கை மருத்துவம் பேசும் ஒருவர் வீடியோ போட்டார். கேரள போலீஸ் அவரைக் கைது செய்தது. அந்தக் கைதை நான் ஆதரிக்கிறேன். அடுத்தவர் உயிரைப் பணயம் வைக்கும் பேச்சைக் கருத்து என்று விட்டுவிட முடியாது.

நம்மிடம் மரியாதைக்குக் குறைவில்லை. கொரோனா காலத்தில், 2020 மே 3 அன்று, மருத்துவமனைகள் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூத்தூவினோம். துப்புரவுத் தொழிலாளர்களுக்கு மாலை போட்டோம். கும்பிடுவதற்குச் செலவில்லை. தடுப்பூசிக்குப் பணம் வேண்டும், பெயர்ப் பட்டியல் வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளியும் நம் ஆள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தெய்வமாக்கிவிட்டால் இந்த மூன்றும் மிச்சம்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் சென்னையின் குப்பையை அள்ள மற்ற ஊர்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கிய பிறகு ஊசியைத் தேடினால் பாதிப் பயன்கூட இல்லை. சேற்றில் கிடக்கும் சிரிஞ்சு குத்தினால் தொற்றக்கூடிய பி வகை மஞ்சள் காமாலைக்கு மூன்று தவணை உண்டு. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. மார்ச்சில் முதல் ஊசி போட்டால், ஏப்ரலில் இரண்டாவதும் செப்டம்பரில் மூன்றாவதுமாக மழைக்கு முன்பே முடிந்துவிடும்.

ஆகவே கவுன்சிலரிடம் மார்ச்சிலேயே கேளுங்கள்: நம் வார்டில் குப்பை அள்ளும் ஒவ்வொருவரிடமும், ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆள் உட்பட, தேதி போட்ட தடுப்பூசி அட்டை இருக்கிறதா?