காணாத பழுது

தனக்கு வலிக்காத பழுதைச் செப்பனிடும் கடமை மனிதனுக்கு உண்டா? அறநூலார் பலவாறு ஆராய்ந்த இவ்வினாவை, பழைய டீசல் வண்டியின் சிறிய உறுப்பு ஒன்று தெளிவாக விளக்கிக் காட்டுகின்றது.

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில், காய்கறித் தோட்டங்களுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் இடையே, முதிய லேண்ட்ரோவர்களும் லாரிகளும் சுமையேற்றிச் செல்வது பழகிய காட்சி. சென்ற நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் ஈ.ஜி.ஆர். வால்வு உண்டு. எரிந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியை அது மீண்டும் இயந்திரத்துள் செலுத்தும். அதனால் எரியும் அறையில் உயிர்வளி குறைந்து வெப்பம் தணியும். வெப்பம் மிகுந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனும் உயிர்வளியும் கூடி நச்சு வாயுவாகும். அது நுரையீரலை வருத்தும். வெயிலில் பிற ஆவிகளோடு சேர்ந்து ஓசோனைத் தோற்றுவித்து, பயிரின் இலையையும் வாட்டும்.

கரியும் எண்ணெய்ப் பசையும் படிந்து இவ்வால்வு நாளடைவில் சிக்கிக்கொள்வதுண்டு. திறந்தபடி சிக்கினால் வண்டி கரும்புகை கக்கும், இழுவை குன்றும், உரிமையாளர் உடனே பட்டறைக்கு விரைவார். மூடியபடி சிக்கினாலோ, ஓட்டுபவருக்குக் குறையொன்றும் தெரியாது. மிகவும் பழைய வண்டியில் எச்சரிக்கை விளக்கும் இராது. கண்ணுக்குப் புலப்படாத நச்சை, சாலையோரம் கொழுந்து பறிப்பவரே மூச்சோடு உட்கொள்வர். உறுப்பு ஒன்றே, கரியும் ஒன்றே. ஆயினும் என்னை வருத்துவது மட்டும் பழுதெனப்படுகின்றது. நம் மனச்சான்றின் இயல்பும் இதுவன்றோ?

சிலர் வால்வின் வழியைத் தகடு வைத்து அடைத்துவிடுகின்றனர். மேடேற இழுவை வேண்டும் என்பது அவர்தம் வாதம். நல்ல வால்வோ, முழுச் சுமையில் இயந்திரம் உழைக்கும்போது மூடிக்கொள்ளும்படியே அமைக்கப்பட்டது. புகையைத் திருப்பி அனுப்புவதால் உள்ளே கரி சேர்கின்றது என்னும் முறையீட்டில் உண்மை உண்டு. ஆனால் அதற்கு மருந்து பராமரிப்பே அன்றி அடைப்பு அன்று.

“என் ஒரு வண்டியால் என்ன வந்துவிடும்?” என்பாரும் உளர். லெம்பா பெர்த்தாம் இதற்கு விடை அறியும். மேலே வெட்டப்பட்ட சரிவுகளின் மண் சிறிது சிறிதாக இறங்கி, ரிங்லெட் நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைக் குறைத்தது. 2013 அக்டோபரில் பெருமழையின்போது சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட, பள்ளத்தாக்கில் உயிர்களும் வீடுகளும் அழிந்தன. தனித்தனியே நோக்கின் ஒவ்வொரு மண்வெட்டும் சிறியதே.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் இயலாது. மலேசியாவின் 1996ஆம் ஆண்டு விதிகள் டீசல் புகையின் கருமையை அளக்கின்றன. நிறமாகத் தோன்றாத வாயுவை அவ்வளவை காட்டாது. 2015இல் வோக்ஸ்வேகன் நிறுவனம் பிடிபட்டதும் இத்தகைய மறைவிடத்திலேதான். சோதனையின்போது மட்டும் நச்சைக் குறைக்கும் கணினி நிரல், ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் இருந்தது. தகடு வைப்பவர்க்கும் அந்நிறுவனத்துக்கும் அளவில் பெரும் வேறுபாடு உண்டு. யாரும் காணார் என்னும் எண்ணத்தில் வேறுபாடு இல்லை.

செய்ய வேண்டியதோ அரிய செயல் அன்று. இயந்திரம் ஆறியபின் வால்வைக் கழற்றி, படிந்த கரியைத் துப்புரவுத் திரவமும் தூரிகையும் கொண்டு நீக்க வேண்டும். உள்தண்டு தடையின்றி அசைகிறதா, காற்றை உறிஞ்சும் சிறு குழாயில் வெடிப்பு உண்டா எனப் பார்க்க வேண்டும். சவ்வு கிழிந்திருப்பின் புதிய வால்வை, புதிய கேஸ்கட்டுடன் பொருத்த வேண்டும். மூடியபடி சிக்கிய வால்வைச் செப்பனிடுவதால் உரிமையாளருக்கு இழுவை கூடாது, பாராட்டும் கிட்டாது. பயனடைவோர் அவர்தம் முகத்தையும் அறியார்.

பிறர் நோயைத் தம் நோயாகப் பேணுவதிலேயே அறிவின் பயனை வைத்தார் வள்ளுவர். இன்னா செய்யாமையை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியர், கொலையையும் வன்சொல்லையும் மட்டும் சான்று காட்டி அமைதல் போதாது. கேடு செய்யும் எண்ணம் சிறிதுமின்றி, தன் வண்டி நன்றாக ஓடுகிறது என்று மகிழ்ந்து செல்பவரையும் மாணவர்முன் நிறுத்தி, அவர் குற்றமுடையவரா என்று வினவலாம்.